இங்கிலாந்தின் இடைக்கால நிலவுடைமையும் மடத்துப் பண்ணைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால இங்கிலாந்தின் நில ஆவணங்கள் எல்லாமே யாரோ ஒருவருக்கு வர வேண்டிய பணத்தையோ தானியத்தையோ உழைப்பையோ எழுதி வைக்கப் பிறந்தவை. எந்தச் சுருளைக் கையில் எடுத்தாலும் 'இது யாருக்கு வசூலாக வேண்டிய கணக்கு?' என்று கேட்டுவிட்டுப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும். ஓர் ஆங்கிலக் கிராமத்தின் பழைய நிலக் கதையைத் தேடுகிறவர்கள், அதிலும் மடங்கள் வைத்திருந்த நிலத்தைத் தேடுகிறவர்கள், வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் கீழே. காலம் 1086 முதல் 1540 வரை. தேவைப்பட்ட இடத்தில் முன்னும் பின்னும் போயிருக்கிறோம்.

மேனர் என்றால் ஊர்தானே?

இல்லை. பாதிப் பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன. மேனர் என்பது ஒரு பிரபுவின் உரிமைத் தொகுதி: அவர் சொந்தமாகப் பயிரிடும் பண்ணை நிலம், குடியானவர்கள் கையில் இருக்கும் நிலம், அவர்களை விசாரிக்கும் மன்றம், பெரும்பாலும் ஒரு ஆலை. ஊர் என்பது மக்கள் வாழும் இடம். பங்கு (பாரிஷ்) என்பது தேவாலயத்துக்குத் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்று, கட்டும் எல்லை. மூன்றும் ஒரே கோட்டில் அமைந்த ஊர்கள் உண்டு. மத்திய இங்கிலாந்தில் அப்படிப் பல பார்க்கலாம். ஆனால் நார்ஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கம் ஒரே ஊரில் மூன்று நான்கு மேனர்கள் இருப்பது சர்வசாதாரணம். வடக்கே ஒரே மேனர் பல ஊர்களில் சிதறிக் கிடக்கும்.

அதனால் 'இந்த ஊர் ராம்சே மடத்துக்குச் சொந்தம்' என்று ஒரு வழிகாட்டி நூல் சொன்னால், முழு ஊருமா, ஊரில் ஒரு மேனரா, அல்லது தேவாலயத்தின் தசமபாகம் மட்டுமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆவணங்கள் வேறு வேறு இடங்களில் இருக்கும்.

தேடலை எங்கிருந்து தொடங்குவது?

பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும். 1086இல் தொடங்கி இறங்கி வந்தால் நடுவில் நூல் அறுந்துவிடும்.

முதலில் 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையப்பட்ட தசமபாக வரைபடத்தை எடுங்கள். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை ஐ.ஆர். 30 வரிசையில் இருக்கின்றன. கூடவே வரும் பட்டியல் ஐ.ஆர். 29. ஒவ்வொரு வயலுக்கும் எண், பெயர், உரிமையாளர், பயிரிடுபவர், பரப்பு எல்லாம் இருக்கும். வயல் பெயர்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 600 ஆண்டுகள் பின்னால் போனாலும் அவற்றில் சில தாக்குப்பிடித்திருக்கும்.

அடுத்து மேனர் ஆவணப் பதிவேடு. பழைய நில உரிமைமுறைகளை ஒழித்த சட்டங்களின் தொடர்ச்சியாக, மேனர் மன்றச் சுருள்கள் தொலைந்துபோகாதபடி 1924இல் அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தார்கள். எந்த மேனரின் எந்தச் சுருள் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்பதை இந்தப் பதிவேடு சொல்லும். ஊர்ப் பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்ப் பெயரிலும், மேனரைப் பிரித்துக் காட்டும் குடும்பப் பெயரிலும் தேடுங்கள்.

மூன்றாவதாக, எட்டாம் ஹென்றி மடங்களை மதிப்பிட்டு மூடிய 1535-40 கால ஆவணங்கள். மடத்து நிலமாக இருந்தால் அந்த ஐந்து ஆண்டுகளில் கண்டிப்பாக அது காகிதத்தில் ஏறியிருக்கும். அங்கே ஊரைக் கண்டுபிடித்த பிறகு, எந்த மடம் என்று தெரிந்துகொண்டு, அந்த மடத்தின் சாசனத் தொகுப்பு, கணக்குச் சுருள்கள் என்று பின்னோக்கிப் போகலாம். விக்டோரியா கவுண்டி வரலாறு உங்கள் ஊருக்கு வெளியாகியிருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதி மிச்சம். 1899இல் தொடங்கிய அந்தத் திட்டம் இன்னும் முடியவில்லை. எல்லாப் பகுதிகளுக்கும் ஊர்வாரி வரலாறு வரவும் இல்லை.

டூம்ஸ்டே புத்தகத்தில் எங்கள் ஊர் இல்லையே?

முதலில் மாவட்டத்தைப் பாருங்கள். முதலாம் வில்லியம் 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் குளோஸ்டரில் உத்தரவிட்டு 1086இல் நடந்த இந்தக் கணக்கெடுப்பில் நார்தம்பர்லண்டும் டர்ஹமும் சேரவில்லை. லண்டனுக்கும் வின்செஸ்டருக்கும் விவரம் இல்லை. எசெக்ஸ், நார்ஃபோக், சஃபோக் மூன்றும் 'சிறிய டூம்ஸ்டே' என்ற தனித் தொகுதியில் இருக்கின்றன. பெயர்தான் சிறியது, கால்நடை எண்ணிக்கை வரை கொடுத்து மற்றதைவிட விரிவாகவே இருக்கும்.

இந்த மாவட்டங்கள் இல்லையென்றால், ஊர் பெரிய மேனர் ஒன்றின் கணக்குக்குள் பெயர் சொல்லாமல் அடங்கியிருக்கலாம். மடத்து மேனர்களில் இது அடிக்கடி நடக்கும்: தலைமை மேனரின் பெயர் மட்டும் இருக்கும், சுற்றியுள்ள நாலைந்து குடியிருப்புகளுக்குத் தனிப் பதிவு இருக்காது. புத்தகம் ஊர்வாரியாக அமையவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். மாவட்டத்துக்குள் நில உரிமையாளர் வரிசை: ராஜா, ஆயர்கள், மடங்கள், பிறகு பிரபுக்கள். ஒரே ஊர் மூன்று இடத்தில் வரலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டால் ஊரின் மூன்றில் ஒரு பங்கைத்தான் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று: அதில் உள்ள ஆள் எண்ணிக்கை குடும்பத் தலைவர்களின் எண்ணிக்கை. மொத்த மக்கள்தொகைக்கு நான்கு அல்லது ஐந்தால் பெருக்குவது வழக்கம். அடிமைகளைத் தலைக்கணக்காக எழுதினார்களா, குடும்பக் கணக்காகவா என்பது இன்றுவரை தீராத வாதம்.

ஒரு ஹைட் எத்தனை ஏக்கர்?

ஹைட் என்பது டூம்ஸ்டேயில் நிலத்தை எண்ணும் அலகு. பாடநூல் விடை 120 ஏக்கர். நாலில் ஒரு பங்கு வர்கேட், 30 ஏக்கர். டேனியர் ஆண்ட வடகிழக்கில் ஹைட்டுக்குப் பதில் காருகேட், அதில் எட்டில் ஒரு பங்கு போவேட், சுமார் 15 ஏக்கர். கென்ட்டில் சுலுங் என்று வேறு கணக்கு.

நடைமுறையில் டூம்ஸ்டே ஹைட் ஒரு வரி அலகு. பத்து ஹைட்டுக்கு மதிப்பிடப்பட்ட மேனரில் பதினைந்து ஏர்களுக்கு வேலை இருக்கலாம். ராஜாவின் தயவு உள்ள மடம் தன் மதிப்பீட்டைக் குறைத்து வாங்கியிருக்கும். நிலத்தின் உண்மையான அளவுக்கு ஏர் எண்ணிக்கைதான் பக்கத்தில் வரும். ஓர் ஏருக்கு எட்டு எருதுகள் என்று புத்தகம் கணக்கிடுகிறது. வர்கேட்டும் ஊருக்கு ஊர் மாறும். சசெக்ஸில் பேட்டில் மடத்தைச் சுற்றியிருந்த நிலத்தில் ஒரு ஹைட்டுக்கு எட்டு வர்கேட் என்று அந்த மடத்தின் வரலாற்றேடே சொல்கிறது. ஏக்கருக்கே கூட உள்ளூர் அளவு உண்டு. ஆகவே மேற்கோள் காட்டும்போது ஆவணத்தில் உள்ள அலகை அப்படியே எழுதுங்கள். ஏக்கராக மாற்றி எழுதினால் அடுத்தவர் அதை உண்மையான அளவு என்று நம்பிவிடுவார்.

மடங்களுக்கு இவ்வளவு நிலம் எப்படி வந்தது?

தானமாக. ஆனால் அந்தத் தானங்களின் உள்ளே பார்க்க வேண்டும். சாசனம் 'என் ஆத்துமாவின் நலத்துக்காகவும் என் முன்னோரின் ஆத்துமாக்களுக்காகவும்' என்று தொடங்கும். பத்து வரி கழித்து 'என் பெரும் நெருக்கடியில் துறவிகள் எனக்குத் தந்த 20 மார்க்' என்று ஒரு வரி வரும். ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ். அப்படி வந்தால் அது விற்பனை, பேச்சுத்தான் பக்தி. 1290இல் யூதர்களை நாட்டை விட்டு வெளியேற்றும் வரை, யூத வட்டிக்காரர்களிடம் அடமானத்தில் மூழ்கிய சிறு வீரக் குடும்பங்களின் கடனை மடம் அடைத்து, பதிலுக்கு நிலத்தை எடுத்துக்கொள்வதும் நடந்தது.

மடத்துக்குக் கொடுத்த நிலம் பெரும்பாலும் 'சுதந்திர தர்மம்' என்ற உரிமையில் போகும். படைச்சேவை கிடையாது, ஜெபம் மட்டும். மேலே உள்ள பிரபுவுக்கு இதில் நிரந்தர நட்டம். சாதாரண உரிமையாளர் செத்தால் வாரிசு கட்டணம் கட்டுவார். வாரிசு சிறுவனாக இருந்தால் காப்பாளர் உரிமையில் பிரபு விளைச்சலை எடுத்துக்கொள்வார். வாரிசே இல்லையென்றால் நிலமே திரும்பி வரும். மடமோ சாவதில்லை, சிறுவனாவதில்லை, கல்யாணம் செய்துகொள்வதில்லை. இந்தக் குமைச்சல்தான் 1279ஆம் ஆண்டின் மார்ட்மெயின் சட்டமாக வந்து, மடங்களுக்கு நிலம் போவதைத் தடை செய்தது.

கொஞ்ச காலத்திலேயே தடை உரிமமாக மாறியது. நடைமுறை இப்படி: மடம் ராஜாவிடம் விண்ணப்பிக்கும். ராஜாவின் அதிகாரியான எஸ்கீட்டருக்கு ஆணை போகும். அவர் உள்ளூர் நடுவர்களைக் கூட்டி, இந்த நிலம் மடத்துக்குப் போனால் ராஜாவுக்கோ மற்றவருக்கோ என்ன நட்டம் என்று விசாரிப்பார். அந்த விசாரணை அறிக்கைகள் கியூவில் சி 143 வரிசையில் உள்ளன. பிறகு கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். அது ராஜாவின் உரிமங்களையும் மானியங்களையும் எழுதிவைக்கும் பேட்டன்ட் சுருளில் பதிவாகும். விசாரணை அறிக்கையில் நிலத்தின் பரப்பு, ஆண்டு மதிப்பு, யாரிடமிருந்து என்ன சேவைக்குப் பெற்றது, கொடுப்பவரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்பதெல்லாம் வரும். உள்ளூர் வரலாற்றுக்கு அருமையான ஆவணம். பலர் இதைத் தேடுவதே இல்லை.

தவறாமல் கவனிக்க: உரிமம் கிடைத்த தேதியும் நிலம் கைமாறிய தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மடத்தின் ஆட்கள் சிலர் பெயரில் முதலில் வாங்கிப் போட்டுவிட்டுப் பின்னால் மொத்தமாக உரிமம் வாங்கும் வழக்கம் இருந்தது. இந்த ஓட்டையைத்தான் 1391ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது.

எல்லா மடங்களும் ஒரே மாதிரியா நிலத்தை நிர்வகித்தன?

பெனடிக்டைன், சிஸ்டெர்சியன் என்ற இரண்டு துறவற சபைகளின் மடங்களை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெனடிக்டைன் மடங்களில் பல, 1066 நார்மன் வெற்றிக்கு முன்பே இருந்தவை: கிளாஸ்டன்பரி, ஈலி, பீட்டர்பரோ, பரி செயின்ட் எட்மண்ட்ஸ். குடிகளும் கட்டாய வேலையும் உள்ள முழு மேனர்கள் அவற்றின் கையில் இருந்தன. வருமானம் ஒரே பெட்டிக்குப் போகாது. மடாதிபதியின் பங்கு தனி, துறவிகளின் பங்கு தனி. துறவிகளின் பங்கும் பொறுப்பாளர் வாரியாகப் பிரியும்: உணவுக்கு ஒரு பொறுப்பாளர், ஆலயச் செலவுக்கு ஒருவர், உடைக்கு ஒருவர், தர்மத்துக்கு ஒருவர், நோயாளிகளுக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் சொந்த மேனர்கள், சொந்தக் கணக்கு. உங்கள் ஊர் யார் பங்கில் இருந்தது என்று தெரியாமல் மடத்தின் கணக்குகளில் தேடினால் வருடக்கணக்கில் தேடுவீர்கள். இப்படிப் பிரித்ததற்கு நல்ல காரணம் உண்டு: மடாதிபதி இறந்து அடுத்தவர் வரும்வரை ராஜா மடாதிபதியின் பங்கைத் தன் கையில் எடுத்துக்கொள்வார், துறவிகளின் சோறு தப்பிக்கும்.

சிஸ்டெர்சியர் 1128இல் சர்ரேயில் வேவர்லியில் வந்து இறங்கினார்கள். 1132இல் யார்க்ஷயரில் ரீவோவும் ஃபவுன்டன்ஸும் எழுந்தன. தொடக்க விதிப்படி மேனர், ஆலை, தசமபாகம், கட்டுக்குடிகள் (நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவர்கள்) எதுவும் அவர்களுக்குக் கூடாது. ஒதுக்குப்புற நிலத்தை வாங்கி, கிரேஞ்ச் எனப்படும் தனிப் பண்ணைகளாக்கி, 'சகோதரர்கள்' எனப்பட்ட படிப்பறியாத் துறவிகளைக் கொண்டு பயிரிட்டார்கள். ஒதுக்குப்புறம் கிடைக்காத இடத்தில் இருந்த குடிகளை அப்புறப்படுத்தி ஒதுக்குப்புறம் ஆக்கிக்கொண்டதும் உண்டு. காலப்போக்கில் விதிகள் தளர்ந்தன. 14ஆம் நூற்றாண்டில் சகோதரர்கள் அருகிப்போய் கிரேஞ்சுகள் குத்தகைக்குப் போயின.

ஃபவுன்டன்ஸின் கம்பளி இதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி. 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஃபுளோரன்ஸ் வணிகர் பெகொலோட்டி தொகுத்த பட்டியலில் அந்த மடத்தின் பெயருக்கு நேரே ஆண்டுக்கு 76 மூட்டை. ஒரு மூட்டை 364 பவுண்ட் எடை. ஆகமொத்தம் 27,664 பவுண்ட் கம்பளி. ஒரு மூட்டைக்கு 200க்கு மேல் ஆடுகளின் ரோமம் வேண்டும் என்றால், பதினைந்தாயிரம் ஆடுகளுக்கு மேல். வார்ஃப்டேலில் கில்ன்சி கிரேஞ்ச் ஒரு மையம். அங்கிருந்து மாலம் மேட்டு மேய்ச்சலுக்கு மந்தைகள் போன பாதை மாஸ்டைல்ஸ் லேன் என்ற பெயரில் இன்றும் நடக்கக் கிடைக்கிறது. ஆனால் 76 மூட்டையை அப்படியே ஆட்டுக் கணக்காக மாற்றுவதில் ஆபத்து இருக்கிறது. மடங்கள் அக்கம்பக்கத்துக் குடியானவர்களின் கம்பளியையும் வாங்கிச் சேர்த்து விற்றன. பல ஆண்டுக் கம்பளியை முன்கூட்டியே இத்தாலியருக்கு விற்று முன்பணம் வாங்கிவிட்டு, ஆட்டுச் சொறி வந்து கம்பளி குறைந்தபோது கடனில் மாட்டிக்கொண்டதும் இதே வியாபாரத்தில்தான்.

மடத்துக் களஞ்சியம் எல்லாமே தசமபாகக் களஞ்சியமா?

சுற்றுலாப் பலகைகள் அப்படித்தான் எழுதும். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியத்தைப் பாருங்கள்: 152 அடி நீளம், 44 அடி அகலம், மரவளையங்களின்படி சுமார் 1292ஆம் ஆண்டு மரம். அது பூலி மடத்தின் கிரேஞ்ச் களஞ்சியம். ஜான் ராஜா கொடுத்த ஃபாரிங்டன் மேனரைச் சேர்ந்த நிலத்தின் சொந்த விளைச்சல் சேர்ந்த இடம். ஒரு களஞ்சியம் தசமபாகத்துக்கா என்று அறிய, அந்த ஊர்த் தேவாலயத்தின் பெரிய தசமபாகம், அதாவது தானியப் பங்கு, அந்த மடத்துக்குச் சேர்ந்ததா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் அது பண்ணைக் களஞ்சியம்.

மேனர் கணக்குச் சுருளை எப்படிப் படிப்பது?

கணக்கு ஆண்டு மைக்கேல்மாஸ் முதல் மைக்கேல்மாஸ் வரை, அதாவது செப்டம்பர் 29 முதல் அடுத்த செப்டம்பர் 29 வரை. எழுதுபவர் எழுத்தர், பொறுப்பாளி பிரபு அமர்த்தும் மேலாளரான பெய்லிஃப் அல்லது ரீவ். ரீவ் என்பவர் கட்டுக்குடிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் ஓராண்டு மேற்பார்வையாளர். சம்பளமாகப் பெரும்பாலும் அந்த ஆண்டு வாடகையும் வேலையும் தள்ளுபடி.

கணக்கு எழுதிய தோலின் முன்பக்கம் பணம். முதலில் போன ஆண்டு பாக்கி, பிறகு வாடகை, தானிய விற்பனை, கால்நடை விற்பனை, விற்கப்பட்ட கட்டாய வேலைகள் (வேலைக்குப் பதில் வாங்கிய பணம்), மன்ற வருமானம். அதன் கூட்டுத்தொகை. பிறகு செலவுகள்: வாடகைத் தள்ளுபடி, ஏர்ச் செலவு, வண்டிச் செலவு, கட்டடம், களையெடுப்பு, அறுவடை, கூலி. கடைசியில் மீதி: ரீவ் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார், அல்லது தீர்ந்தது. பின்பக்கம் தானியக் கணக்கு, கால்நடைக் கணக்கு, வேலைநாள் கணக்கு. பலர் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் ஊரின் விவசாயம் பின்பக்கத்தில் இருக்கிறது.

இது லாபநட்டக் கணக்கு அன்று. ரீவ் தலையில் எவ்வளவு பொறுப்பு ஏற்றப்பட்டது, அதில் எவ்வளவை இறக்கி வைத்தார் என்பதுதான் அதன் அமைப்பு. மடத்துக்கு அனுப்பிய கோதுமை செலவாக எழுதப்படும், பணமாகத் தெரியாது. ஆகவே 'மீதி 4 பவுண்ட்' என்பதை மேனரின் லாபம் என்று எழுதக் கூடாது.

விளைச்சல் கணக்கிடுவதில் எல்லோரும் வழுக்குவது இங்கே. 1348-49 கணக்கில் விதைத்த கோதுமை 1349 ஆகஸ்டில் அறுக்கப்படும். அறுவடைக் கூலி அதே கணக்கில் வரும். ஆனால் போரடித்த தானியம் 1349-50 கணக்கில்தான் 'களஞ்சிய வரவு' என்று ஏறும். அடுத்தடுத்த இரண்டு சுருள்கள் கையில் இருந்தால் மட்டுமே விளைச்சல் விகிதம் சொல்ல முடியும். ஓர் உதாரணம்: 20 ஏக்கரில் ஏக்கருக்கு இரண்டரை புஷல் விதைத்தால் 50 புஷல், அதாவது 6 குவார்ட்டர் 2 புஷல் (ஒரு குவார்ட்டர் 8 புஷல்). அடுத்த சுருளில் 25 குவார்ட்டர் வரவு என்றால் விதைக்கு நான்கு மடங்கு. அந்தக் காலத்துக்கு இது நடுத்தரமான விளைச்சல். அடுத்த விதைப்புக்கு 6 குவார்ட்டர் 2 புஷலை எடுத்து வைத்தால் மிஞ்சுவது 18 குவார்ட்டர் 6 புஷல். இந்த வரவு பெரும்பாலும் தசமபாகம் வயலிலேயே போன பிறகு உள்ளது. தசமபாகம் கட்டத் தேவையில்லாத மடத்து நிலமாக இருந்தால் முழு விளைச்சல். கூம்பாக அளந்ததா, தலைதட்டி அளந்ததா என்பதும் சிலவேளை எழுதப்பட்டிருக்கும். இரண்டும் கலந்தால் கணக்கு உதைக்கும்.

எண்களில் இரண்டு பொறிகள். நான்குக்கு மேலே சிறியதாக இரண்டு 'எக்ஸ்' போட்டிருந்தால் அது நான்கு இருபது, 80. 'நூறு' என்பது ஆடு, முட்டை, ஆணி போன்றவற்றில் பல இடங்களில் 120.

அடித்து மேலே எழுதிய தொகைகளை விட்டுவிடாதீர்கள். ரீவ் குவார்ட்டர் 5 ஷில்லிங்குக்கு விற்றதாகச் சொல்ல, தணிக்கையாளர் 'சந்தையில் 6 ஷில்லிங்' என்று அடித்து எழுதியிருப்பார். தானியம் குறைந்தால், குறைந்ததை 'கணக்கின்மேல் விற்றது' என்று எழுதி ரீவிடம் பணமாக வாங்கிவிடுவார்கள். அந்த வரியைக் கண்டு விற்பனை நடந்தது என்று எண்ணக் கூடாது, அது அபராதம். ஆடு செத்தால் தோலைக் காட்ட வேண்டும். தோல் இல்லையென்றால் ஆட்டின் விலை ரீவ் தலையில்.

மன்றச் சுருளில் எல்லோரும் குற்றவாளிகளாக இருக்கிறார்களே?

ஒவ்வொரு மன்றத்திலும் அதே ஐந்தாறு பெண்கள் 'அளவு விதியை மீறி ஏல் (பீர்) காய்ச்சி விற்றதற்கு' 2 பென்ஸ், 3 பென்ஸ் கட்டுவார்கள். அது பெயரளவில் தண்டம், உண்மையில் உரிமக் கட்டணம். அந்தப் பெயர்களை வரிசைப்படுத்தினால் ஊரில் யார் யார் ஏல் கடை வைத்திருந்தார்கள் என்பது கிடைக்கும்.

நில வரலாற்றுக்குத் தேவையானது ஒப்படைப்பும் சேர்ப்பும். குடியானவர் நிலத்தைப் பிரபுவின் கையில் ஒப்படைப்பார். பிரபுவின் நிர்வாகியான ஸ்டூவர்ட் அதை அடுத்தவருக்குக் கொடுத்து நுழைவுக் கட்டணம் வாங்குவார். ஒருவர் இறந்தால் ஹெரியட், அதாவது அவரிடம் உள்ள சிறந்த மாடு பிரபுவுக்கு. மகளைக் கட்டிக்கொடுக்க மெர்ச்செட் கட்டணம். பிரபுவின் ஆலையில் அரைக்காவிட்டால் தண்டம். ஒரு வர்கேட்டின் வரலாற்றைத் தொடர, ஆட்களின் பெயரை விட்டு நிலத்தின் பெயரைப் பிடியுங்கள். குடும்பப் பெயர் 14ஆம் நூற்றாண்டு வரை நிலைக்கவில்லை. ஒரே ஆள் ஒரு மன்றத்தில் 'ஆலைக்கார ஜான்', அடுத்ததில் 'ரிச்சர்ட் மகன் ஜான்'. விதவையைக் கட்டிக்கொண்டு அந்த நிலத்துக்கு வந்தவர் முந்தைய கணவரின் பெயரிலேயே அழைக்கப்பட்டதும் உண்டு. நிலமோ 'முன்பு காட்மன் வைத்திருந்த அரை வர்கேட்' என்று நூறு வருடம் நிற்கும்.

சேர்ப்புப் பதிவின் நகலைக் குடியானவருக்குக் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்தும் பட்டா மாதிரி அதுவே உரிமைக்குச் சான்றானது. காப்பிஹோல்ட் என்ற உரிமை அப்படி வளர்ந்து, 1926 ஜனவரி 1 வரை சட்டத்தில் உயிரோடு இருந்தது.

தேதியை எப்படி மாற்றுவது?

ஆவணம் ராஜாவின் ஆட்சியாண்டையும் திருநாளையும் சொல்லும். 'மூன்றாம் எட்வர்டின் 23ஆம் ஆண்டு, புனித மார்ட்டின் திருநாளுக்குப் பின் வரும் வெள்ளி' என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆட்சி 1327 ஜனவரி 25இல் தொடங்கியது. ஆகவே 23ஆம் ஆண்டு 1349 ஜனவரி 25 முதல் 1350 ஜனவரி 24 வரை. மார்ட்டின் திருநாள் நவம்பர் 11. 1349இல் அது புதன். விடை 1349 நவம்பர் 13. கிழமை பார்க்கும்போது ஜூலியன் நாட்காட்டியைப் பயன்படுத்துங்கள். கணினியில் உள்ள சாதாரண நாட்காட்டி தவறான கிழமை காட்டும். ஆண்டு மார்ச் 25இல் பிறப்பதாகவும் எண்ணினார்கள் என்பதால், ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளுக்கு '1349/50' என்று இரண்டையும் எழுதுவது பாதுகாப்பு.

மடத்தின் சாசனத் தொகுப்பை நம்பலாமா?

தொகுப்பு என்பது மடம் தன் உரிமைகளுக்காக நகலெடுத்து வைத்த புத்தகம். தனக்குச் சாதகமானது நகலாகும். தோற்ற வழக்கு நகலாகாது. இடத்தை மிச்சப்படுத்தச் சாட்சிப் பட்டியலை 'முதலியோர்' என்று வெட்டிவிடுவார்கள். 12ஆம் நூற்றாண்டுச் சாசனங்களில் பெரும்பாலும் தேதியே இருக்காது என்பதால், சாட்சிகளை வைத்துத்தான் காலம் சொல்ல முடியும். மூலம் எங்காவது மிஞ்சியிருந்தால் அதைத் தேடுவது வீண் வேலை அன்று.

போலிகளும் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் மடம் 12ஆம் நூற்றாண்டில், நார்மன் வெற்றிக்கு முன் ஆண்ட எட்வர்ட் ராஜா பெயரில் சாசனங்களைத் தயாரித்தது. குரோலண்ட் மடத்தில் இங்குல்ஃப் என்ற பழைய மடாதிபதியின் பெயரில் ஒரு வரலாறே புனையப்பட்டது. ஆனாலும் போலிச் சாசனத்தைத் தூக்கி எறிய வேண்டாம். நிலம் உண்மையாகவே மடத்தின் கையில் இருந்து, காகிதம் மட்டும் இல்லாமல் போனதால் தயாரித்தவை பல. போலி எழுதப்பட்ட காலத்தில் எந்த நிலத்துக்கு வழக்கு நடந்தது என்பதற்கு அது நேர்ச் சாட்சி.

குடியானவர்கள் எதிர்த்ததே இல்லையா?

நிறைய. செயின்ட் ஆல்பன்ஸ் மடம் எல்லோரும் தன் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்றது. மடாதிபதி ரிச்சர்ட் வாலிங்ஃபோர்ட், 1330களின் தொடக்கத்தில், ஊராரின் கைத்திரிகைகளைப் பறித்து, அந்தக் கற்களைத் தன் வரவேற்பறையின் தரையில் பதித்தார். 1381 குடியானவர் கிளர்ச்சியில் ஊர்மக்கள் உள்ளே புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்து, துண்டு துண்டாக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் அப்பம் பிட்டுத் தருவதுபோல் ஆளுக்கொரு துண்டு பகிர்ந்துகொண்டார்கள்.

வழக்காடுவதும் ஒரு வழி. டூம்ஸ்டேயில் தங்கள் மேனர் 1066இல் ராஜாவுடையது என்று இருந்தால், புதிய பிரபு வேலைப்பளுவைக் கூட்ட முடியாது என்பது வாதம். 1377இல் தென் இங்கிலாந்தின் பல ஊர்கள் காசு கொடுத்து டூம்ஸ்டேயின் சான்றிட்ட நகல்களை வாங்கின, பெரும்பாலும் பலனில்லை. செஷயரில் வேல் ராயல் மடத்தின் டார்ன்ஹால் குடிகள் 1329இலும் 1336இலும் தாங்கள் சுதந்திரர் என்று போராடி, ராஜா வரை போய் முறையிட்டுத் தோற்றார்கள். அந்தக் கதை நமக்குத் தெரிவது மடத்தின் சொந்தப் பேரேட்டிலிருந்து. அதில் குடிகள் 'மிருகத்தனமானவர்கள்' ஆனதில் வியப்பில்லை.

1535ஆம் ஆண்டு மதிப்பீட்டில் உள்ள தொகை உண்மையான வருமானமா?

எட்டாம் ஹென்றிக்காக எடுத்த அந்த மதிப்பீடு, வலோர் எக்லெசியாஸ்டிகஸ், ஊர் வரலாற்றுக்குத் தங்கச் சுரங்கம். மடம் வாரியாக, மேனர் வாரியாக வாடகை, தசமபாகம், கழிவுகள் எல்லாம் இருக்கும். வெஸ்ட்மின்ஸ்டரும் கிளாஸ்டன்பரியும் பட்டியலின் உச்சியில். ஆனால் அது நிலையான வருமானத்தைத்தான் பிடித்தது. மர விற்பனை, குத்தகை புதுப்பிக்கும்போது வாங்கும் பெருந்தொகை போன்றவை குறைத்தோ விடுபட்டோ இருக்கும். தர்மச் செலவில் கொடையாளர் கட்டாயமாக்கியது மட்டுமே கழிவாக ஏற்கப்பட்டது. மடம் தானாகக் கொடுத்தது எழுதப்படாது. 1348-49 கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பற்றாக்குறையால் பெரும்பாலான பண்ணை நிலங்கள் குத்தகைக்குப் போய்விட்டதால், 1535இல் தெரியும் மடம் பெரும்பாலும் வாடகை வாங்குபவர் மட்டுமே. 1291ஆம் ஆண்டுத் திருத்தந்தை வரி மதிப்பீட்டோடு ஒப்பிட ஆசை வரும்; அது வேறு அடிப்படையில் எடுத்தது, இரண்டையும் நேராகக் கழித்து வளர்ச்சி சொல்லக் கூடாது.

மடங்கள் கலைந்தபோது நிலம் யாருக்குப் போனது?

1536ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடியது. பெரியவை ஒவ்வொன்றாகச் சரணடைந்தன. 1539ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்தது. கடைசியாக 1540 மார்ச் 23இல் வால்தம். நிலம் ராஜாவின் புதிய வருவாய் மன்றத்துக்கு வந்தது. அங்கிருந்து தேடும் வழி மூன்று படி. எஸ்.சி. 6 வரிசையில் ராஜாவின் அதிகாரிகள் அந்த நிலத்துக்கு எழுதிய கணக்கு. ஈ 318இல் விற்பனைக்கு முன் தயாரித்த விவரம்: எந்த நிலம், யார் குத்தகை, ஆண்டு மதிப்பு என்ன, எத்தனை ஆண்டு விலைக்கு. வழக்கமான விலை ஆண்டு வாடகையைப் போல் இருபது மடங்கு. அதோடு மதிப்பில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு ஆண்டுதோறும். மூன்றாவது, பேட்டன்ட் சுருளில் மானியம்.

மானியத்தில் உள்ள பெயர் உங்கள் ஊருக்கு வந்து குடியேறிய பிரபு என்று முடிவு கட்ட வேண்டாம். பத்து மாவட்டங்களில் நிலம் வாங்கிய லண்டன்காரர்கள் பலர் தரகர்கள். சில வாரங்களில் உள்ளூர்க்காரருக்கு மாற்றிவிடுவார்கள். மாற்ற உரிமத்தை அடுத்த ஆண்டுச் சுருள்களில் பாருங்கள். ஃபவுன்டன்ஸ் 1540இல் லண்டன் வணிகர் சர் ரிச்சர்ட் கிரெஷம் கைக்குப் போனது. வயலில் ஏர் பிடித்தவருக்கோ உடனே பெரிய மாற்றம் இல்லை; பழைய குத்தகைகள் செல்லுபடியாயின. மூடுவதற்கு முந்தைய ஓராண்டுக்குள் அவசரமாகக் கொடுத்த குத்தகைகளை மட்டும் 1539ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாததாக்கியது.

எங்கள் ஊரில் பாதி நிலத்துக்குத் தசமபாகமே இல்லை. ஏன்?

சிஸ்டெர்சியர் நிலமாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு. தாங்களே பயிரிட்ட நிலத்துக்கு அவர்களுக்கு விலக்கு இருந்தது. 1215ஆம் ஆண்டு லாத்தரன் திருச்சபைச் சங்கம் அதை அதுவரை வாங்கிய நிலத்தோடு நிறுத்தியது. 1539ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலக்கை மடத்து நிலத்தை வாங்கியவருக்கே கொடுத்ததால், அது 1840களின் தசமபாக வரைபடம் வரை வந்து நிற்கிறது. விலக்குள்ள வயல்களுக்கு வண்ணம் தீட்டுங்கள். கிரேஞ்சின் எல்லை ஏறக்குறையத் தானாக வரும். ஒரு எச்சரிக்கை: பொதுநிலத்தை அடைத்துப் பிரித்தபோது தசமபாகத்துக்குப் பதில் நிலம் கொடுத்துத் தீர்த்த ஊர்களும் உண்டு. ஆகவே அடைப்பு ஆணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதே தசமபாகப் பட்டியலில் 'பெரிய தசமபாகம்' ஒரு தனியார் கையிலும் 'சிறிய தசமபாகம்' விகார் எனும் ஊர்ப் பாதிரியார் கையிலும் இருந்தால், இடைக்காலத்தில் ஒரு மடம் அந்தத் தேவாலயத்தைக் கையகப்படுத்தி, தானியப் பங்கைத் தான் எடுத்துக்கொண்டு, ஒரு விகாரை நியமித்திருந்தது என்று பொருள். மடத்தின் பங்கு 1540க்குப் பின் விற்கப்பட்டது. ஆலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் கடமையும் அதோடு சேர்ந்தே போனது. 2003இல் ஆஸ்டன் கான்ட்லோ வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்தக் கடமை இன்னும் உயிரோடிருப்பதாகத் தீர்ப்பளித்தது.

வீட்டுக்கு 'கிரேஞ்ச்', 'பிரையரி', 'ஆபி' என்று பெயர் இருந்தால் மடத்து நிலம்தானே?

அந்தப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் புதுப் பணக்காரர்கள் கட்டிய மாளிகைகளுக்கு இந்தப் பெயர்கள் நாகரிகமாக இருந்தன. பெயர் 1840களின் தசமபாகப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாமல் பின்னால் வந்த அரசு நில அளவை வரைபடத்தில் மட்டும் முளைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். இருந்தால் 1535 மதிப்பீட்டிலும் அந்த மடத்தின் எஸ்.சி. 6 கணக்கிலும் அதே பெயரைத் தேடுங்கள். அங்கேயும் கிடைத்தால், ஊர் எல்லையோரம் இருக்கிறதா, வயல்கள் நீளத் துண்டுகளாக இல்லாமல் பெரிய அடைப்புகளாக இருக்கின்றனவா, தசமபாக விலக்கு உண்டா என்று மூன்றையும் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் தைரியமாக எழுதலாம்.